பிரிஸ்கா வாசித்தால் கடல் வரும்

சங்குமுனைக்குக் கடல் முதன்முதலாகப் பாட்டுக் கேட்க வந்தது இராயப்பர் திருவிழாவின் மூன்றாம் நாள் சாயங்காலம், பூசை முடிந்து, சுண்டல் தின்று, பங்கு மன்றத்துக்குள் எல்லாரும் நாற்காலி பிடித்து உட்கார்ந்து, வெண்புறா மெல்லிசைக் குழுவினர் மாதா பாட்டு ஒன்றும் சினிமாப் பாட்டு ஒன்றும் பாடி முடித்து மூன்றாவதற்குள் நுழைந்த நேரத்தில். மணலைத் தாண்டி, தார் ரோட்டைத் தாண்டி, வளையல் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக, ஒரு வளையலைக்கூட உடைக்காமல், ஒரு அடுப்பைக்கூட அணைக்காமல் வந்து, மன்றத்தின் ஐந்து படிகளில் மூன்றாவது படியில் நின்றது. வெறிபிடித்து வரும் கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும், அதை நாங்கள் ஒருநாள் பார்த்திருக்கிறோம், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். இது அப்படி வரவில்லை, பூசைக்குப் பிந்தி வந்தவர் கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொள்வதுபோல வந்தது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து, விலகி, வழி விட்டார்கள். பாட்டு முடிந்ததும் கடல் இறங்கிப் போயிற்று, படியில் இரண்டு விளைமீனும் யாரோ எப்போதோ தொலைத்த ஒரு துடுப்பும் கிடந்தன.

பாடிக்கொண்டிருந்தவர் கிளமென்ட், குழுவின் சொந்தக்காரர், பாடகர், கீபோர்டுக்காரர், அறிவிப்பாளர், எல்லாம் அவரே. ஆகவே மறுநாள் ஊர்க்கமிட்டித் தலைவர் இன்னாசி வாஸ் மேடையேறி, கடலையே வரவழைத்த குரல் என்று சொல்லி, அவருக்குத்தான் பொன்னாடை போர்த்தினார். கிளமென்ட் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாம் இராயப்பர் கொடுத்தது என்றார், பாதி இராயப்பரும் பாதி தானும் என்று தொனிக்கும்படியாக. அன்றைக்கும் கடல் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது, கிளமென்ட் ஒவ்வொரு நாளும் குரலை இன்னும் கொஞ்சம் அசைத்துப் பாடினார்.

மேடையின் கடைசியில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கறுப்பு ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு முன்னால் நின்றவள் பிரிஸ்கா, கிளமென்டின் சித்தி மகள். பகலில் ஐஸ் கம்பெனியில் கொக்கி போட்டு ஐஸ் பாளம் இழுப்பாள், அதனால் அவள் விரல்களுக்கு மற்றப் பெண்களின் விரல்களைவிட இரண்டு மடங்கு வலு உண்டு, அந்த விரல்களால்தான் நான்கு தடித்த கம்பிகள் போட்ட, துடுப்பு நீளமுள்ள அந்த பேஸ் கிட்டாரை வாசித்தாள். கிட்டாரும் பெட்டியும் முன்பிருந்த பங்குத்தந்தை ஒருவர் பாடகர் குழுவுக்கென்று வாங்கி வைத்துவிட்டு, யாருக்கும் வாசிக்கச் சொல்லித்தராமல் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனவை, கிட்டாரை மட்டும் பிரிஸ்கா ஐஸ் கம்பெனிச் சம்பளத்தைச் சேர்த்துப் பங்கிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கிளமென்ட் கலைஞர்களை அறிமுகம் செய்யும்போது தபேலா, டிரம்ஸ், புல்லாங்குழல் என்று நீட்டி முழக்கிப் பேர் சொல்லி, கைதட்டு வாங்கிக் கொடுத்து, கடைசியில் பிரிஸ்காவின் பேரைச் சொல்லும்போது அடுத்த பாட்டு ஆரம்பித்திருக்கும்.

அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை. பதினைந்து வயதில், வீட்டு டேப் ரிக்கார்டரில் சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பாடகர் ஒரு பக்கம் போக, அவருக்குக் கீழே வேறொருவர் வேறொரு பாதையில் தன்பாட்டுக்கு நடந்து போவதை அவள் கேட்டுவிட்டாள். ஒருமுறை கேட்டபின் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை, மேல்வீட்டில் கல்யாணம் நடக்க, கீழ்வீட்டில் ஒருவர் மொத்த வீட்டையும் தோளில் வைத்துக்கொண்டு, அதையும் ஆடிக்கொண்டே செய்கிற மாதிரி இருந்தது. கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தாள், பாடியவர் பேர் இருந்தது, எழுதியவர் பேர் இருந்தது, இசையமைத்தவர் பேரும் படமும் இருந்தன, கீழ்வீட்டுக்காரரின் பேர் இல்லை. எத்தனையோ கேசட் பார்த்தாள், எதிலும் இல்லை. பேரில்லாவிட்டால் என்ன என்று அவள் அவரைக் கீழ்வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொண்டு, டேப்பை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, அவர் வைத்த விரலை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து வாசிக்கக் கற்றாள்.

உண்மை வெளிவந்தது திருவிழாவின் எட்டாம் நாள். பாட்டின் நடுவே கிட்டாரிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயர் அறுந்தது, பிரிஸ்கா கீழே உட்கார்ந்து, பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, அவசரமில்லாமல் ஒயரைப் பற்றவைத்தாள். மூன்றாம் படியில் நின்ற கடல் முதலில் தயங்கியது, பிறகு இரண்டாம் படிக்கு இறங்கியது, பிறகு ரோட்டுக்குப் போனது. கிளமென்ட் விடவில்லை, தொண்டையில் இருந்த சங்கதியெல்லாம் எடுத்து விட்டார், அவர் ஏற ஏறக் கடல் போய்க்கொண்டே இருந்தது. பிரிஸ்கா ஒயரைச் சொருகி, சத்தம் வருகிறதா என்று பார்க்கத் தடித்த கம்பியை ஒருதரம் தட்டினாள், அவ்வளவுதான், போன கடல் சந்து வழியே ஓடி வந்து மூன்றாம் படியில் முட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்காரி ரொசாரி மைனிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏளா பிரிஸ்கா, நீ நிறுத்துனா போவுது, நீ தொட்டா வருது. பாடுறவனுக்கு இல்ல, உன் தடிச்ச கம்பிச் சத்தத்துக்குத்தான் வருது."

அன்றைக்குத்தான் ஊரில் பாதிப் பேருக்கு மேடையில் அப்படி ஒரு வாத்தியம் இருப்பதே தெரிந்தது. இன்னாசி வாஸ் மேடையேறி, கிட்டாரைச் சுற்றி வந்து பார்த்து, "இதுக்குப் பேரு என்ன மக்கா?" என்றார்.

"பேஸ் கிட்டார், மாமா."

"பாட்டுல இது எங்க இருக்கு?"

"அடியில."

"அடியிலன்னா?"

"படகுல அடிப்பலகை எங்க இருக்கு மாமா? ஏறி உக்காந்தவங்க யாராவது அதப் பாக்காங்களா?"

தலைவருக்குப் புரிந்தது. பொன்னாடையைத் திரும்ப வாங்க முடியாது, ஆகவே பிரிஸ்காவுக்குப் புதிதாக ஒன்று போர்த்தினார்கள், கிளமென்ட் இரண்டு நாள் தொண்டைக்கட்டு என்று வீட்டில் படுத்திருந்தார்.

எதுவும் பழகிப்போகும் ஊர் எங்கள் ஊர். ஒரு மாதத்துக்குள் சனிக்கிழமை ஒத்திகைக்குக் கடல் வருவதும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவதும் எங்களுக்கு ஒன்றாகிவிட்டது. செருப்பைப் படியில் விட்டால் கடல் கொண்டுபோய்விடும் என்பதால் மேடையோரம் கழற்றி வைத்தோம். பித்தவெடிப்பு உள்ளவர்களுக்கும், நிறைமாதக்காரிகளுக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கும் இரண்டாம் படியில் இடம் ஒதுக்கினோம், அதற்கும் சிபாரிசு தேடினார்கள். கல்யாணப் பத்திரிகையில் விருந்து ஆறு மணிக்கு, கடல் வருகை ஏழு மணிக்கு என்று அச்சடித்தார்கள். பக்கத்து ஊரான பெரியதுறையிலிருந்து ஆட்கள் வந்து, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கம் தண்ணி வத்துது, இது நியாயமா என்று கேட்டார்கள், அவர்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம், அதன்பிறகு அவர்கள் நியாயம் கேட்கவில்லை. அளவு எடுக்க வந்த ஓர் அதிகாரி கோலை ஊன்றிக் காத்திருந்து, இடுப்புவரை நனைந்து, எதையோ எழுதிக்கொண்டு, படியில் கிடந்த மீனை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

கடலுக்கும் ரசனை இருந்தது. மெதுவான பாட்டுக்குப் படியில் தலையைச் சாய்த்துக் கிடக்கும், குத்துப்பாட்டுக்குப் படியை அறையும், பிரிஸ்கா கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசித்தால் நுரை கக்கிச் சிரிக்கும். உள்ளங்கையை லேசாகக் கம்பியில் வைத்து அமுக்கி, பெட்டியில் சத்தத்தின் கூர்மையைக் குறைத்து, வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி அவள் வாசிக்கும்போது மட்டும் அசையாமல் நிற்கும். மன்றத்துக்குள் அது ஒருநாளும் நுழையவில்லை.

இதோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எங்கள் கரையில் கொஞ்ச வருஷமாக மணல் மேடிட்டுக் கிடந்தது, ஒவ்வொரு படகையும் அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீருக்குத் தள்ளிவிட ஆண்களுக்கு முதுகு விட்டுப்போகும். கடல்தான் கூப்பிட்டால் வருகிறதே, மேட்டைத் தாண்டி வந்து படகைத் தூக்கிக்கொண்டு போகட்டுமே என்று யாருக்கோ தோன்றியது. தோன்றியதும் கமிட்டி கூடி, ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மன்றத்து வாசலில் கடலைப் பார்க்க வைத்து, மத்தியானம் படகு இறங்கும்போது ஒருதரம், காலையில் கரை ஏறும்போது ஒருதரம் பிரிஸ்கா வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஐஸ் கம்பெனி வேலையை விடச் சொல்லி, ஒவ்வொரு நாளும் பிடிபடும் மீனில் அவளுக்கு ஒரு பங்கு என்று வைத்தார்கள். படகுகள் வாத்து இறங்குவதுபோல இறங்கின, ஆண்கள் நிமிர்ந்து நடந்தார்கள், ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

தலையில் வைத்தவர்கள் இறக்கிவிடவில்லை. தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் கமிட்டியில் சொல்ல வேண்டும், காய்ச்சல் வந்தால் மூன்று பேர் வந்து பார்த்து உண்மையான காய்ச்சல்தான் என்று உறுதி செய்துகொண்டு போவார்கள். முதலில் அவள் முழுப் பாட்டுகளாக வாசித்தாள். பிறகு படகுக்காரர்கள், "பாட்டெல்லாம் எதுக்கு மக்கா, அந்தத் தடிச்ச கம்பிய மட்டும் இழுத்துட்டு இரு, அதுக்குத்தான் சீக்கிரம் வருது" என்றார்கள். அவளும் அதை மட்டும் இழுத்தாள். கடல் வந்தது, ஆனால் சம்பளத்துக்கு வருகிற ஆளைப்போல வந்தது, படகைத் தூக்கியது, போனது. ஒருநாள் மத்தியானம், படகெல்லாம் போன பிறகு, கீழ்வீட்டுக்காரரின் நடை ஒன்றை வாசிக்கலாம் என்று ஆரம்பித்தபோது, அவள் விரல் தானாகத் தடித்த கம்பிக்கே போனது, இரண்டாம் தடவையும் அங்கேயே போனது. பிரிஸ்கா அன்றைக்குப் பயந்தாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து போன் வந்தது. கடல் படியேறும் காட்சியைக் கிளமென்ட் படம் பிடித்து எங்கெங்கோ போட்டிருந்தார், பார்த்தவர்கள் எல்லாரும் கடலைப் பற்றித்தான் கேட்டார்கள், இது நிஜமா, கிராபிக்ஸா, எந்த ஊர் என்று. ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்த பெண் மட்டும் கிளமென்டின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"கடல் இருக்கட்டும் சார். பேஸ் வாசிக்கிறது யாரு?"

கிளமென்ட் எத்தனை குறை உள்ளவராக இருந்தாலும் பொய் சொல்லமாட்டார், போனைப் பிரிஸ்காவிடம் கொடுத்துவிட்டார். ஒலிப்பதிவுக்கு வர முடியுமா, சென்னையிலேயே தங்கி வேலை செய்ய முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். பிரிஸ்கா பெட்டியின் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தாள், வாசிப்பது யார் என்று அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மன்றத்தில் ஊர் கூடியது. இன்னாசி வாஸ் கோபப்படாமல், நியாயஸ்தர்போலப் பேசினார்.

"போகக்கூடாதுன்னு நாங்க சொல்லல. நீ போனா படகு எப்படி இறங்கும், அத மட்டும் சொல்லிட்டுப் போ."

"நான் வாசிக்கதுக்கு முன்னால எப்படி இறங்குச்சு மாமா?"

"தள்ளுனோம். முதுகு ஒடியத் தள்ளுனோம். திரும்பத் தள்ளச் சொல்லுதியா?"

பின்னாலிருந்து ஒருவர், ஊருக்குள்ளேயே நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்து முடித்துவிடலாம் என்றார். பிரிஸ்காவின் அம்மா எமரென்சி, கருவாட்டு மணத்தோடு நேராகக் கரையிலிருந்து வந்திருந்தவள், எழுந்து அந்த ஆளைத் தேடிப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு வயசு வரைக்கும் இல்லாத மாப்பிள்ளை இப்ப எங்கருந்து முளைச்சான்? கடல் இழுத்துட்டு வந்துச்சோ?"

எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளைப் பேச்சு அதோடு போயிற்று. கிளமென்ட் எழுந்து, கீபோர்டில் இடது கையால் தானே பேஸ் வாசித்துவிடுவதாகவும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றும் சொன்னார்.

"கடலுக்குத் தெரியும்," என்றாள் ரொசாரி மைனி.

தலைவர் பிரிஸ்காவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மக்கா, நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இங்க உன் பேரு தெரியாத ஆளு கிடையாது. அங்க பாடுறவன் பேரு வரும், நடிக்கறவன் மூஞ்சி வரும். உன் பேரு எங்க வரும்?"

"வராது, தெரியும். எனக்குச் சொல்லித்தந்தவரு பேரு எனக்கே தெரியாது மாமா. ஆனா அவரு விரல் எங்கெங்க போச்சுன்னு ஒவ்வொண்ணும் தெரியும்." பிரிஸ்கா நான்கு விரல்களை விரித்துக் காட்டினாள். "இங்க நாலு கம்பியில மூணு சும்மா கிடக்கு. ஒரே கம்பியில நின்னுட்டுச் சாக எனக்கு இஷ்டமில்ல. கடல நான் கூப்பிடல, நான் வாசிச்சேன், அது வந்துச்சு. நான் வாசிக்கப் போறேன்."

"கமிட்டி அனுமதி கிடையாது," என்றார் இன்னாசி வாஸ்.

"அண்ணே," என்றாள் எமரென்சி, "கடலுக்கு எந்தப் பக்கமும் போவத் தெரியும், வேணும்னா தேடிப் போய்க் கேட்டுக்கிடும். எம்மவளுக்கு இருக்கது ரெண்டு கை. அத நான் படகு தள்ளப் பெறல." பிறகு மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து படிகளும் இறங்கிப் போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் பிரிஸ்கா கிட்டாரோடு ஏறினாள், பங்குச் சொத்தான பெட்டியை மன்றத்திலேயே விட்டுவிட்டு.

அன்று மத்தியானம் கடல் வரவில்லை. வராததோடு நிற்காமல், முன்பு நின்ற இடத்தையும் விட்டுப் பின்னால் போயிற்று, கிளமென்ட் இடது கையால் கீபோர்டில் வாசித்த அன்றைக்கு இன்னும் போய், நங்கூரமெல்லாம் சேற்றில் கிடந்தன. ஆண்கள் திரும்பவும் முதுகைக் கொடுத்துப் படகு தள்ளினார்கள், முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் தள்ளினார்கள். ஊருக்குக் கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, எமரென்சியிடம் வைத்தது. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது, அவள் கருவாட்டை யாரும் வாங்கவில்லை, நெத்திலி காயப்போட அவளுக்கு விற்கவும் ஆளில்லை. ரொசாரி மைனி மட்டும் தன் கூடையில் மிஞ்சியதை அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போவாள். எமரென்சி யாரிடமும் முகம் கோணவில்லை, ஆனால் அவளுக்கு வலித்தது, தனியாக இருக்கும்போது அழுதாள்.

மகள் போன் செய்தால் சாப்பிட்டியா என்று கேட்பாள், ஊர் எப்படி இருக்கிறது என்றால் இருக்கு என்பாள். ஒருநாள் பிரிஸ்கா, "நாலு நாளா சும்மாதான் உக்காத்தி வச்சிருந்தாங்க. இன்னைக்கு வாசின்னாங்க. ஒரே தடவதான் வாசிச்சேன், போதும்னுட்டாங்க" என்றாள்.

"திட்டுனாங்களா?"

"இல்லம்மா. நல்லாருக்குன்னு அர்த்தம்."

"அங்க உள்ள பெட்டி நம்ம பெட்டியவிடப் பெருசா?"

"இங்க பெட்டியே இல்லம்மா. ஒயர நேரா செவத்துல சொருகுறாங்க."

எமரென்சிக்கு அது சரியாகப் படவில்லை. "செவத்துக்குள்ள போற சத்தம் எங்க போவும்?"

"பாட்டுக்குள்ள போவும்," என்றாள் பிரிஸ்கா.

அந்தப் பாட்டு எங்கள் ஊருக்கு வந்தது ஒரு மத்தியானம், டீக்கடை ரேடியோவில், படகு தள்ளப் போகுமுன் ஆண்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தபோது. புல்லாங்குழல் வந்தது, பாடகர் வந்தார், முதல் வரி முழுக்கத் தனியாகப் பாடினார், இரண்டாம் வரியில் அவருக்குக் கீழே யாரோ நடக்க ஆரம்பித்தார்கள். மீன் விற்றுவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த ரொசாரி மைனி கிளாஸைக் கீழே வைத்தாள். "இது நம்ம பிள்ளைல்லா," என்றாள், அவள் சொல்லி முடிக்குமுன் கணுக்காலில் தண்ணீர் ஏறியிருந்தது. மேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கடல் டீக்கடைக்குள் வந்து பெஞ்சைத் தூக்கியது, பிஸ்கட் ஜாடி மிதந்தது, யாரும் ஓடவில்லை, சத்தத்தைக் கூட்டு என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்ததும் கடல் திரும்பிப் போயிற்று.

கிளமென்ட் அந்தப் பாட்டைத் தன் போனில் பிடித்து, போனை மன்றத்துப் பெட்டியில் சொருகினார். படகு இறங்கும் நேரத்துக்கு அதையே போட்டோம், கடல் வந்தது, முன்புபோல, அசையாமல் நின்று கேட்டது. எமரென்சியின் வாசலில் நெத்திலி கூடை கூடையாக வந்து இறங்கியது, கொண்டுவந்தவர்களின் முகத்தைப் பார்க்காமலே, "வை அங்கன" என்றாள், அவ்வளவுதான் அவள் கொடுத்த மன்னிப்பு.

ஆனால் கடலை ஏமாற்ற முடியுமா? ஒரே பாட்டு, ஒரே விரல், ஒரே இடத்தில் ஒரே நெளிவு, எத்தனை நாள் கேட்கும். வரவர இரண்டாம் படியில் நின்றது, பிறகு முதல் படியில், பிறகு ரோட்டோரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது, படகின் அடி மணலில் உரசத் தொடங்கியது. இன்னாசி வாஸ் போனை எடுத்தார்.

"மக்கா, நல்லாருக்கியா? அடுத்த பாட்டு எப்ப?"

"ரெண்டு முடிஞ்சிருக்கு மாமா. ஒண்ணுல மட்டும் பேஸ் வேண்டாம்னு எடுத்துட்டாங்க."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எடுத்துட்டாங்களா? அடியில ஒண்ணும் இல்லாம அது எப்படிப் பாட்டாவும்? யாரு அந்த ஆளு? அவன் நம்பரக் குடு."

பிரிஸ்கா நம்பரைக் கொடுக்கவில்லை, சிரித்தாள். ஆனால் அந்த ஞாயிறு பூசையில், திருத்தந்தைக்காகவும், நோயாளிகளுக்காகவும், கடல்மேல் செல்வோருக்காகவும் மன்றாடிய பிறகு, நாலாவதாக இன்னாசி வாஸே மைக்குக்குப் போய், நம் மகள் பிரிஸ்காவுக்குச் சென்னையில் நிறையப் பாட்டுகள் கிடைக்கவும், அவற்றில் பேஸ் கிட்டாரை யாரும் குறைக்காமல் இருக்கவும் என்று மன்றாடினார். அவளை அனுப்ப முடியாது என்று அதே வாயால் சொன்னவர். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று மொத்தக் கோயிலும் சொன்னது, அவ்வளவு சத்தமாக நாங்கள் மழைக்குக்கூடச் சொன்னதில்லை. அதற்குப்பிறகு எங்கள் ஊரில் மீன் அறுக்கிற பெண்கள்கூட ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் கத்தியை நிறுத்தி, அடியில் யார் என்று காது கொடுத்தார்கள், இது வேறு ஆள், இவனும் நல்லாத்தான் நடக்கான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த பாட்டு வெளிவந்தது ஒரு சனிக்கிழமை. மேளதாளம் எதுவுமில்லாத மெதுவான பாட்டு என்று பிரிஸ்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சாயங்காலம் மன்றம் நிறைந்துவிட்டது, பெரியதுறைக்காரர்களும் வந்திருந்தார்கள், மேடையில் ஆள் யாரும் இல்லை, அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் நடுவில், எப்போதும் கிளமென்ட் நிற்கும் இடத்தில் இருந்தது. அதை அங்கே தூக்கி வைத்தவர் கிளமென்ட்தான், வைத்துவிட்டு, போனைச் சொருகி, பிரிஸ்கா மச்சாது, பேஸ் கிட்டார் என்று நீட்டி முழக்கி அறிவித்துவிட்டு, இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்தார். எமரென்சி வாசலுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தாள், முன்னால் வரச் சொல்லியும் வரவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. பாடகி நன்றாகத்தான் பாடினார், ஆனால் நாங்கள் அவருக்குக் கீழே கேட்டுக்கொண்டிருந்தோம், நாலு கம்பியிலும் அவள் நடந்தாள், மேலே போனாள், பாடகி மூச்சுவிட்ட இடத்தில் ஒரு வார்த்தை சொல்வதுபோல ஒன்று சொல்லிவிட்டு இறங்கினாள். கடல் மூன்றாம் படிக்கு வந்தது. பாடகி கடைசி வரியை முடித்தார், வயலின்கள் ஓய்ந்தன, பாடுகிறவர் வாய் மூடினால் கைதட்டி எழுந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம், அப்படியே தட்டினோம், அப்படியே எழுந்தோம், இன்னாசி வாஸ் நன்றி சொல்ல மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது கடல் நான்காம் படியேறி, ஐந்தாம் படியேறி, வாசலைத் தாண்டி, முதன்முதலாக மன்றத்துக்குள் வந்தது. எல்லாரும் சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு ஒதுங்க, எமரென்சி மட்டும் எழவும் இல்லை, காலைத் தூக்கவும் இல்லை. தண்ணீர் அவள் முழங்கால்வரை ஏறியது, அவள் குனிந்து அதில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், அவள் முகத்தில் கண்ணீர் ஓடியது.

"உக்காருங்கண்ணே," என்றாள் தலைவரைப் பார்த்து. "அவ இன்னும் முடிக்கல."

இன்னாசி வாஸ் மைக்கை அணைத்தார், கறுப்புப் பெட்டியில் பேஸ் மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. நனைந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், நாங்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தோம், அவள் முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.